முன்கூட்டியே சொன்ன சாட்சி

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. எது வேண்டுமோ, அது கிடைப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டதாக எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும். விசுவாச சாட்சி என்று அதற்குப் பெயர். காய்ச்சலில் நடுங்குகிறவன் சுகமாகிவிட்டேன் என்பான். வாடகை பாக்கியோடு இருப்பவள் சொந்த வீட்டுக்காகக் கண்ணீர் விடுவாள். யாராவது வாய் தவறி, கிடைக்கும் என்று நம்புகிறேன் என்று சொல்லிவிட்டால் பாஸ்டர் ஜெரால்ட் மைக்கைப் பிடுங்கித் திருத்துவார். "சந்தேகத்தோட கேட்டா சந்தேகமாதான் வரும் சிஸ்டர். வந்துட்டுதுன்னு சொல்லுங்க." வந்ததா என்று பிறகு ஒருவரும் கேட்பதில்லை. அதுவும் வழக்கம்தான்.

டிசம்பர் முதல் ஞாயிறு என் அம்மா ஆரோக்கியமேரி எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தாள்.

"என் மக பிரின்சிக்கு, பெங்களூரு பக்கத்துல பெரிய காலேஜுல, ஃபீஸே இல்லாம சீட்டு குடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்."

சபை கைதட்டியது. பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த என் முதுகை யார் யாரோ தடவினார்கள். நான் பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தேன். கல்லூரி முடிவு சொல்ல இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

எழுந்து, இன்னும் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் அப்படிச் செய்கிறவள் இல்லை. பேசத் தகுதியில்லாத இடத்தில் பேசாமலிருப்பது என் பழக்கம். அதை அம்மா நோய் என்று நினைத்து எனக்கு எண்ணெய் பூசி ஜெபிக்க வைத்திருக்கிறாள்.

கல்லூரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓசூரைத் தாண்டி, மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகம். பிளஸ் டூ பரீட்சை எழுதுவதற்கு முன்பே முதல் சுற்று நடத்தி, டிசம்பர் நடுவில் முடிவு சொல்லிவிடுவார்கள். படிப்பு, சாப்பாடு, தங்கும் அறை எல்லாம் இலவசமாகச் சிலருக்குக் கொடுப்பார்கள். அவர்களுடைய இணையதளத்தில் பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எதைப் பார்த்து இவ்வளவு சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. எங்கள் கும்மிடிப்பூண்டியில் புல்லில் உட்கார்ந்தால் பாவாடையில் இரும்பு மில்களின் கரி ஒட்டும். ஆனால் ஒரு படத்தில் நீளமான மேசை ஒன்று இருந்தது. அதன் இரண்டு பக்கமும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, பேசவில்லை. அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்தேன். ஏன் உம்மென்று இருக்கிறாய் என்று யாரும் கேட்காத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

அது இல்லையென்றால் என்ன என்பதும் தெரியும். எங்கள் தெரு முனையில் விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். பிளஸ் டூ முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். செல்போனுக்குள் வைக்கிற சின்னச் சின்னத் துண்டுகளை அவர்கள் நாள் முழுக்க நின்றபடி பொருத்துவார்கள். மாலையில் இறங்கும்போது ஒருத்தியும் எதையும் பார்ப்பதில்லை.

விண்ணப்பம் போட உதவியவர் ரம்யா அக்கா. வேப்பம்பட்டில் வீடு, அம்பத்தூர் பக்கம் ஐடி வேலை. ஆர்.கே.பேட்டையில் சொந்த நெல் வயல் இருக்கிறது என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைகளில் எங்களைப் போன்ற பிள்ளைகளை முன்னேற்றுவதற்காக ரயிலேறி எங்கள் ஊருக்கு வருவார். நல்லவர். நல்லவர்களைத் தாங்குவதுதான் கஷ்டம்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை என்னை அழைத்துப்போக நைனா வந்தார். வடக்கே கொஞ்ச தூரத்தில் ஆந்திரா என்பதால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்பா என்றால் நைனாதான். பெயர் எட்வர்ட். இரும்புக் கம்பி உருட்டும் ரோலிங் மில்லில் வேலை. வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு முடிந்துவிடும். அந்தக் கையை எப்போதும் பேண்ட் பாக்கெட்டில் வைத்திருப்பார். அன்று சைக்கிளைப் பிடிக்க வெளியே எடுத்தார். ரம்யா அக்கா பார்த்துவிட்டார்.

"பிரின்சி, இது எப்ப நடந்தது?"

"நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது. மில்லுல."

"இதை நீ எஸ்ஸேல எழுதவே இல்லையே!"

"எதுக்குக்கா?"

"எதுக்கா? கமிட்டில படிக்கிறவங்க அழுதுடுவாங்கடா. இவ்ளோ பவர்ஃபுல்லான ஸ்டோரிய வச்சிக்கிட்டு நீ துணி காயறதப் பத்தி எழுதிருக்க."

"அழறதுக்கா காலேஜ் வச்சிருக்காங்க?"

ரம்யா அக்கா சிரித்து என் தோளைத் தட்டினார். என்னை முன்னேற்றுவது சிரமம் என்று அவருக்கு அன்று புரிந்திருக்க வேண்டும்.

நான் எழுதியது துணி காய்வதைப் பற்றித்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த மில்லில் உலை எரிகிறது என்று பார்த்து எங்கள் தெருப் பெண்கள் கொடியை மாற்றி மாற்றிக் கட்டுவார்கள். வெள்ளைச் சட்டையைக் காயப்போட ஒரு நாள், கலர் துணிக்கு ஒரு நாள். கரியைப் பற்றி ஒருத்தியும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபம் எங்கே போகிறது என்பதுதான் என் கட்டுரையின் கேள்வி. நல்ல கேள்வி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நைனாவின் விரல்களை அதில் சேர்க்கவில்லை. அவை விற்பனைக்கு இல்லை. அதுவும் போக, அந்த விரல்கள் எப்படிப் போயின என்று எனக்கே தெரியாது. கேட்டால், கவனமில்லாமல் வைத்துவிட்டேன் என்பார். அதற்கு மேல் நைனாவும் பேசமாட்டார், நானும் கேட்கமாட்டேன். எங்கள் இருவருக்கும் பேசாமலிருப்பது சுலபம்.

அம்மாவின் சாட்சி ஞாயிற்றுக்கிழமை சபையை விட்டு வெளியே நடந்தது. செவ்வாய்க்கிழமை மில்லுக்குள் போய்விட்டது. நைனா சபைக்கு வருவதில்லை. ஆகவே அவருக்கு அது சாட்சியாகப் போகவில்லை, செய்தியாகப் போனது. அன்று லட்டு டப்பாவோடு வந்தார்.

"இன்னா பிரின்சி, சீட்டு வந்துட்டுதாமே? எல்லாம் கை குடுக்குறானுங்க. எம்.டி. கூப்ட்டு லட்டு குடுத்தாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு நீ."

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"வந்த மாரிதான்" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

"வந்த மாரின்னா?"

"விசுவாசத்துல வந்துட்டுதுய்யா. நீ குறுக்க பேசி கெடுக்காத."

நைனா லட்டு டப்பாவை ஸ்டூலின் மேல் வைத்தார். திறக்கவில்லை. "விசுவாசத்துலதான் வந்துச்சுன்னு அங்க யார்கிட்டயும் நான் சொல்லலியே" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் மில் வாசலில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மில் முதலாளி எம்.டி. கைகூப்பி ஆளுயரத்துக்கு நின்றார். கீழே ஒரு மூலையில், தீப்பெட்டிப் படத்தைப் போல, இரட்டைச் சடையோடு என் முகம். பள்ளி அடையாள அட்டையிலிருந்து எடுத்தது. 'எங்கள் குடும்பத்தின் செல்வமகள் எ.பிரின்சி, உயர்கல்விக்காக வெளிநாடு செல்வதை வாழ்த்தி மகிழ்கிறோம்.' ஓசூர் பெங்களூராகி, பெங்களூர் வெளிநாடாகியிருந்தது. இன்னும் ஒரு வாரம் கொடுத்திருந்தால் என்னைச் சந்திரனுக்கு அனுப்பியிருப்பார்கள். அதன் பக்கத்திலேயே பழைய ஃபிளெக்ஸ் ஒன்று: 'பாதுகாப்பே எங்கள் முதல் கடமை.'

பஸ்ஸில் என் பின்னால் இருந்த பெண் சொன்னாள்: "சூப்பர்டி, எனக்கு சாக்லேட் வாங்கினு வா." நான் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காத்திருப்பது என்றால் என்னவென்று அந்த நாட்களில் தெரிந்தது. எல்லாரையும் இகழ்ந்துகொண்டே அந்த எல்லாரும் சொல்வது உண்மையாக வேண்டும் என்று ஆசைப்படுவது. அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. கேள்வித்தாளைப் படிக்கும்போதே நீள மேசை கண்ணில் வந்தது. மதியம் கிளை நூலகத்தில் போய் உட்கார்ந்தால் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இரவில் அம்மா என் தலைமேல் கைவைத்து முனகும்போது தூங்குவதுபோலக் கிடந்தேன். ஜெபத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கையைத் தட்டிவிடவில்லை. அதற்காக என்னையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்துக் கொஞ்சம் இகழ்ந்துகொண்டேன்.

முடிவு மாலை ஆறு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். அன்று மாலைதான் எங்கள் தெருவுக்கு, சபை வீடு வீடாகப் பாடிப்போகும் கேரல் ரவுண்ட்ஸ் என்று பாஸ்டர் முடிவு செய்திருந்தார். தற்செயல் இல்லை. அம்மா தேதியைச் சொல்லிவிட்டிருந்தாள்.

நைனாவின் போனில் பக்கத்தைத் திறந்தேன். தேர்வானவர்களுக்குத் திரையில் வண்ணக் காகிதம் கொட்டும் என்று ரம்யா அக்கா சொல்லியிருந்தார். எதுவும் கொட்டவில்லை. நெட் மெதுவாக இருக்கிறது என்று நினைத்துக் காத்திருந்தேன். தெரு முனையில் டிரம் சத்தம் கேட்டது. பிறகுதான் எழுத்துகளைப் படித்தேன். முதல் சுற்றில் எனக்கு இடம் தர முடியவில்லை. என் விண்ணப்பத்தை இரண்டாம் சுற்றில் மறுபடி பார்ப்பார்கள். விரும்பினால், என் குடும்பச் சூழ்நிலையை அவர்கள் இன்னும் ஆழமாகப் புரிந்துகொள்ள உதவும் வகையில் கூடுதலாக ஒரு கட்டுரை அனுப்பலாம்.

வறுமை போதவில்லை என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்.

"இன்னாடி? காட்டு" என்றாள் அம்மா. அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. என் முகத்தைத்தான் படித்தாள். படித்ததும் போனைத் தட்டிவிட்டாள், தப்பு அதனுடையது என்பதுபோல.

கேரல் கூட்டம் உள்ளே நுழைந்துவிட்டது. எங்கள் முன்னறையில் ஆறு பேர் நிற்கலாம். பதினைந்து பேர் நின்றார்கள். சிவப்புச் சட்டையும் பிளாஸ்டிக் முகமூடியும் போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா ஸ்டூலில் இடித்துக்கொண்டு ஆடினார். முகமூடிக்குள் இருப்பவர் ஜோஷ்வா அண்ணன், வெல்டர். வேர்வை கழுத்தில் வழிந்தது. பாட்டு முடிந்ததும் பாஸ்டர் கையை உயர்த்தினார்.

"இந்த வீட்டுல தேவன் செஞ்ச அற்புதத்த சிஸ்டர் சொல்லுவாங்க. அன்னிக்கு விசுவாசத்துல சொன்னாங்க. இன்னிக்கு கண்ணால பாத்ததச் சொல்லுவாங்க. சொல்லுங்க சிஸ்டர்!"

அம்மா வாயைத் திறந்து மூடினாள். முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். அவளை நான் அவ்வளவு நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அந்த நேரத்தில் திட்ட முடியவில்லை.

"கிடைக்கல" என்றேன்.

"அல்லேலூயா!" என்றது கூட்டம்.

பழக்கதோஷம். டிரம்காரன் இரண்டு தட்டும் தட்டிவிட்டான். பிறகுதான் ஒவ்வொருவராக என்ன கேட்டோம் என்று யோசித்தார்கள். ஜோஷ்வா அண்ணன் முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கினார். "இன்னாமா சொல்ற?"

"முதல் சுற்றுல கிடைக்கல. ரெண்டாவது சுற்றுல பாக்கலாம்னு சொல்லிருக்காங்க. வெளிநாடும் இல்ல. ஓசூரு பக்கம்."

மௌனம் வந்தது. எனக்கு மௌனங்கள் பழக்கம். நீளமானவை, தடிப்பானவை, இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்பவை என்று தெரியும். இது அந்த வகையில் எதுவும் இல்லை. வெறுமனே, அடுத்து என்ன சொல்வது என்று பாஸ்டரை எதிர்பார்த்துக்கொண்டிருந்த மௌனம். அவர் ஏமாற்றவில்லை.

"ரெண்டாவது ரவுண்டு! கேட்டீங்களா? ஒரு தரம் குடுக்குறத ரெண்டு தரமா குடுக்கப் போறார். இரட்டிப்பான ஆசீர்வாதம்!"

"அல்லேலூயா!"

ஆறுதலடைந்துவிட்டார்கள். அம்மா கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். கேக் துண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி, கேக்கில் முந்திரி கம்மி என்றாள். டிரம் அடுத்த வீட்டுக்குப் போனது. அவர்களால் எதையும் இழக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. இழப்பதற்கு, முதலில் ஒன்றை உண்மையாகவே விரும்பியிருக்க வேண்டும்.

போன் அடித்தது. ரம்யா அக்கா. அம்மா தட்டிவிட்டதில் காதில் வைத்தால் கேட்கவில்லை, ஸ்பீக்கரில்தான் பேச முடிந்தது.

"பிரின்சி, பாத்தேன். சோகமாகாத, இது ரிஜெக்ட் இல்ல. அவங்களே சூழ்நிலைய எழுதச் சொல்றாங்க பாத்தியா? நான் அப்பவே சொன்னேன். அப்பா கைய எழுது. அந்த ரத்தம், ஆஸ்பத்திரி, அம்மா அழுதது எல்லாம். கொஞ்சம் ஃபீலிங்கோட. நான் எடிட் பண்ணித் தரேன். உன்னோட வலிதான்டா உன்னோட பலம்."

நன்றி அக்கா என்று சொல்லி வைத்தேன். நைனா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்கிறார். கேக் தட்டில் விழுந்திருந்த துணுக்குகளை எடுத்துத் தெருநாய்க்குப் போட்டார்.

மறுநாள் பரீட்சை முடிந்து வந்தபோது மதிய ஷிஃப்ட் மாறும் நேரம். மில் வாசலில் பஸ் மெதுவானது. கூட்டத்துக்கு நடுவில் நைனா ஏணியில் நின்றிருந்தார். நான் இறங்கிவிட்டேன்.

கீழே ஃபோர்மேன் சடையப்பன் ஏணியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். "யோவ் எட்வர்டு, பேஜாரு பண்ணாத! எம்.டி. மொகம் கீதுய்யா அதுல!"

"எம் பொண்ணு மொகமும் கீது."

"சீட்டு இப்ப வரலன்னா அப்புறமா வரும். இருந்துட்டுப் போவட்டுமே, உனக்கின்னா?"

"பொய்யி சார் அது."

"ஊர்ல எந்தப் போர்டுயா நெஜம்?"

சடையப்பனிடமிருந்து நான் கேட்ட ஒரே நல்ல வாக்கியம் அது. நைனா மூன்று விரல்களால் கயிற்றைப் பிடித்து, இன்னொரு கையில் இருந்த பிளேடால் அறுத்தார். எம்.டி. இடுப்பில் மடிந்து, குப்புற விழுந்தார். சிரிக்கலாமா என்று தெரியாமல் ஷிஃப்ட் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நைனா அதைச் சுருட்டி சைக்கிள் கேரியரில் கட்டினார். என்னைப் பார்த்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், நான் பக்கத்தில் நடந்தேன்.

எங்கள் வீட்டு ஷீட்டுக் கூரை சமையல் பக்கம் ஒழுகும். அதன்மேல் ஃபிளெக்ஸை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தார். படம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. காற்று எங்கள் பக்கம்தான் அடித்தது. ஒரு வாரத்துக்குள் மில்லின் கரி முதலாளியின் முகத்தை மூடிவிடும். என்னுடையதையும் மூடும். பரவாயில்லை.

கீழே இறங்கி, கை கழுவி, என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு சொன்னத எழுதுனா குடுப்பாங்களா?"

"தெரியாது நைனா."

"எழுது."

"அழுது எழுத என்னால முடியாது. ரத்தம், ஆஸ்பத்திரின்னு..."

"அழுவச் சொன்னது யாரு? நடந்தத எழுது."

"நடந்தது எனக்கு இன்னா தெரியும்? கவனமில்லாம வச்சிட்டேன்னுதான நீ சொல்லுவ."

இந்த மௌனம் நீளமானது. அடுப்படியில் அம்மா பாத்திரம் விளக்குவதை நிறுத்திவிட்டாள். நைனா மடியில் மறைத்திருந்த வலது கையை எடுத்து முழங்கால்மேல் வைத்தார். அதை அவரும் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பெல்ட்டு ஓடுற எடத்துல கார்டு ஒண்ணு இருக்கும். இரும்பு மூடி. உள்ள கை போவாம இருக்க. அடிக்கடி ஜாம் ஆவும். ஒவ்வொரு வாட்டியும் கார்டக் கழட்டி மாட்ட டைம் ஆவுது, டன்னு கொறையுதுன்னு கழட்டியே போட்டுட்டாங்க. அது செவுத்து ஓரமா கெடந்துச்சு. பலகை மாரி நல்லா அகலமா இருக்கும். நாங்கல்லாம் அது மேலதான் டிபன் பாக்ஸ் வெப்போம்."

நிறுத்தினார். பாதி விரல்களைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"ஆஸ்பத்திரில எம்.டி. வந்தாரு. செலவு மொத்தம் நான் பாத்துக்கறேன், வேலையும் போவாது, என் கவனக்கொறைவுன்னு கையெழுத்து போட்டுடுன்னாரு. வலது கைல கட்டு. இடது கைல போட்டேன். கோணலா வந்துச்சு. பரவால்லன்னுட்டாரு."

"இத ஏன் இவ்ளோ நாளா சொல்லல?"

"நீ கேக்கல."

அது உண்மை. எங்கள் மௌனத்தை நான் பெரிதாக நினைத்திருந்தேன். அதற்குள் ஓர் இரும்பு மூடி கிடந்திருக்கிறது.

"இத எழுதுனா உனக்கு வேலை போவலாம் நைனா."

"மில்லு பேரு போடாத. ஓசூருல கீறவனுக்கு மில்லு பேரு எதுக்கு? கார்டுன்னு மட்டும் போடு. அது எல்லா மில்லுலயும் கீது." கொஞ்சம் யோசித்தார். "எல்லா மில்லுலயும் செவுத்து ஓரமாதான் கீது."

நோட்டை எடுத்தேன். ரம்யா அக்காவுக்கு அனுப்பப் போவதில்லை. அவர் ரத்தத்தைத் தேடுவார், இதில் ரத்தம் இல்லை. அந்தக் கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் அழத் தயாராக இருப்பார்கள். அவர்களை அழவிடக் கூடாது. படித்துவிட்டு, தங்கள் மேசையில் டிபன் பாக்ஸ் எதன்மேல் இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்க்க வைத்தால் போதும். அதற்கும் இடம் தராவிட்டால், அந்த நீள மேசையை நான் தவறாகப் படித்திருக்கிறேன் என்று அர்த்தம்.

"எத்தினி டிபன் பாக்ஸ் வெப்பீங்க அது மேல?"

நைனா வலது கையைத் தூக்கி எண்ண ஆரம்பித்தார். மூன்று விரலோடு நின்று, இடது கைக்கு மாறினார்.

"ஏழு" என்றார். "கலியனுது பெருசு. அது மட்டும் கீழ."

எழுதத் தொடங்கினேன்.